பதினான்கு மாதக் காத்திருப்பு: ஒரு பொறியியல் பட்டதாரியின் நிகழ்வு ஆய்வு

வயிற்று எரிச்சல் என்றுதான் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மூன்று மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை, ராத்திரி தூக்கம் இல்லை, எடை ஏழு கிலோ குறைந்திருந்தது. வெளியே எண்டோஸ்கோபி வரைக்கும் பார்த்தாயிற்று. இரைப்பையில் ஒன்றும் இல்லை. எங்கள் பொது மருத்துவப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் ஒருவர்தான், "படிப்பு முடிச்சு எவ்வளவு நாளாச்சு தம்பி?" என்று கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை, கண் கலங்கிவிட்டது. ஓ.பி. சீட்டின் பின்பக்கம் எங்கள் அறை எண்ணை எழுதி அனுப்பிவிட்டார். அந்த ஒரு கேள்விக்காக அவருக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

தென்மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். இங்கே எழுதுவது அவருடைய சம்மதத்தோடு. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதே நிலையில் என்னிடம் வந்த வேறு இரண்டு பேரின் அனுபவங்களும் இதில் கலந்திருக்கின்றன. பெயர் எதுவும் வைக்கவில்லை.

முதல் நாள்

2023 செப்டம்பர். அம்மாவும் மகனும் வந்தார்கள். மனநலப் பிரிவு என்ற பலகையைப் பார்த்ததும் அம்மா முந்தானையால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டார். உட்கார்ந்ததும் பேசியதெல்லாம் அவர்தான். "ராத்திரி பூரா போனு, பகல் பூரா தூக்கம் டாக்டரம்மா. முடி வெட்டுடான்னா அதுக்கும் கேக்க மாட்டேங்கிறான். இதான் இப்ப ஸ்டைலாம்." நான் டாக்டர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

மகனுக்கு 23 வயது. பி.இ. எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன், 2022 மே மாதம் முடித்தவர். அரியர் கிடையாது. முடி பிடரிக்குக் கீழே இறங்கியிருந்தது, தாடியும் அப்படியே. அம்மாவைச் சற்று நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, முடியைப் பற்றியே முதலில் கேட்டேன்.

"சலூனுக்குப் போனா கேப்பாங்க மேடம்."

என்ன கேட்பார்கள்?

"எப்ப ஜாயினிங்னு."

ஆறு மாதமாக முடி வெட்டாததற்குக் காரணம் இவ்வளவுதான். அதே காரணத்துக்காகப் பங்குனிப் பொங்கலுக்குக் கோயில் பக்கம் போகவில்லை, மாமன் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை, கல்லூரி வாட்ஸ்அப் குழுவை மியூட்டில் போட்டுவிட்டார். தெருமுனைப் பெட்டிக்கடையைத் தாண்டக் கூடாது என்பதற்காக வீட்டின் பின்பக்கச் சந்து வழியாகவே போய்வந்திருக்கிறார். ஒரே ஒரு கேள்விக்குப் பயந்து ஓர் ஆள் தன் ஊரையே சிறிது சிறிதாகக் குறுக்கிக்கொண்டிருந்தார்.

அதற்கு முன் நடந்தவை

அப்பா விசைத்தறித் தொழிலாளி. அம்மா வீட்டில் தறிக்கு நூல் தார் சுற்றுகிறார். தங்கை பிளஸ் டூ. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவர். வங்கியில் கல்விக் கடன் மூன்று லட்சத்து இருபதாயிரம்.

இறுதியாண்டில், 2021 அக்டோபரில், கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு பெரிய ஐ.டி. நிறுவனத்தில் தேர்வானார். ஆண்டுக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம். ஆஃபர் லெட்டர் மின்னஞ்சலில் வந்த அன்று அப்பா தெரு முழுக்க லட்டு கொடுத்தார். தறி முதலாளியிடம் "பையன் சென்னைக்குப் போறான்" என்றார். பெட்டிக்கடை, சலூன், கோயில் எல்லா இடத்துக்கும் சேதி போய்விட்டது.

2022 ஆகஸ்டில் சேர வேண்டும். நவம்பர் என்றார்கள். அப்புறம் ஜனவரி. அப்புறம், "தேதி பின்னர் தெரிவிக்கப்படும்." இது இவர் ஒருவருக்கு நடந்தது அல்ல, 2022-ல் முடித்தவர்களில் நிறைய பேருக்கு ஐ.டி. நிறுவனங்கள் சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போனது அப்போது நாளிதழ்களில் வந்த செய்தி. 2023 ஜூனில் திடீரென்று ஆன்லைன் பயிற்சி, அதன் முடிவில் ஒரு தேர்வு. கட்-ஆஃபுக்கு நான்கு மதிப்பெண் குறைவு. ஜூலையில் ஆஃபர் ரத்து என்று இரண்டு பத்தியில் ஒரு மின்னஞ்சல்.

பட்டம் வாங்கிப் பதினான்கு மாதம். அந்தப் பதினான்கு மாதமும் அவர் வேலை தேடவில்லை என்பதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். சோம்பேறித்தனம் இல்லை. கையில் வேலை இருக்கிறதே, எதற்குத் தேட வேண்டும்? 2022 ஜூலை 24 அன்று டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 நடந்தது. அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல். அவரோடு படித்த பையன் எழுதப் போனபோது, "எனக்குத்தான் வேலை இருக்கே" என்று வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தது இவர்தான். முடிவு வர மறு ஆண்டு மார்ச் ஆயிற்று. அந்த நண்பருக்கு வேலை கிடைத்தது. இவர் மெயில்பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதன்மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. அந்த ஒரு வருடம் 2023 மே மாதத்தோடு முடிந்தது. ஜூனிலிருந்து மாதம் ஐந்தாயிரத்துச் சொச்சம். வங்கியிலிருந்து முதல் போன் அப்பாவின் செல்லுக்குத்தான் வந்தது, தறி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில். சத்தத்தில் ஒன்றும் புரியாமல் வெளியே வந்து கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து அப்பா மகனிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வயிற்று எரிச்சல் ஆரம்பித்ததும் அந்த ஜூன் மாதம்தான்.

எங்கள் கணிப்பு

மனச்சோர்வை அளக்க நாங்கள் பயன்படுத்துவது பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம். மொத்தம் 27 மதிப்பெண். பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும். அவருக்கு 17. ஒன்பதாவது கேள்வி உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. "சில நாட்கள்" என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தார். பேனா அழுந்திய தடம் தாளின் அடுத்த பக்கத்திலும் தெரிந்தது.

இந்த இடத்தில் நேராகக் கேட்டுவிட வேண்டும். கேட்டால் புதிதாக எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள், அது தவறு. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை. பெரும்பாலும் ஆள் பெருமூச்சு விட்டுப் பேச ஆரம்பிக்கிறார். கேட்டேன். "காலையில எந்திரிக்காமலே போயிட்டா நல்லா இருக்கும்னு தோணும் மேடம். வேற எதுவும் யோசிக்கல. தங்கச்சி இருக்கா." திட்டமோ முயற்சியோ இல்லை. குடி இல்லை. முன்பு இப்படி வந்ததும் இல்லை. ஒரு தாளில் அவர் கையாலேயே எழுத வைத்தோம்: எண்ணம் மோசமானால் முதலில் யாரிடம் போவது, அடுத்து யாரை அழைப்பது. தங்கை, அந்த குரூப் 4 நண்பர், எங்கள் பிரிவின் எண், கடைசியாக 14416. அது டெலி-மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல உதவி எண். எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

மனநல மருத்துவர் தைராய்டு, ரத்தசோகை, பி12 எல்லாம் பார்த்தார், சரியாகவே இருந்தன. மிதமானதிலிருந்து சற்றுக் கடுமையான மனச்சோர்வு என்று கணித்து, எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையைக் குறைந்த அளவில் ஆரம்பித்தார். 25 வயதுக்குள் இருப்பவர்களுக்கு இந்த வகை மாத்திரை தொடங்கும் முதல் சில வாரங்களில் கூடுதல் கவனம் வேண்டும். அதை அம்மாவிடமும் தங்கையிடமும் விளக்கிச் சொன்னோம்.

அடுத்த முறை ஒரு தாளைக் கொடுத்து, நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை செய்ததை மணிவாரியாக எழுதச் சொன்னேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மூன்று வரி.

"எந்திரிச்சது 11.40. சாப்பிட்டது, ஞாபகம் இல்ல. மெயில்."

கடைசி வரிக்கு எதிரே நேரமே இல்லை. எத்தனை தடவை மெயில் பார்ப்பீர்கள் என்றால், எண்ணியதில்லை என்றார். ஸ்பாம் பெட்டியையும் சேர்த்து, தூங்கும் முன் கடைசியாக, நடு ராத்திரி விழித்ததும் முதலாவதாக. ரத்து என்று மெயில் வந்த பிறகும் அது நிற்கவில்லை. தவறுதலாக அனுப்பிவிட்டோம் என்று ஒன்று வரும் என்ற நம்பிக்கை.

அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு மரியந்தால் ஞாபகம் வந்தது. வியன்னாவுக்குப் பக்கத்தில் உள்ள சிற்றூர். 1930 வாக்கில் அங்கிருந்த ஆலை மூடி, ஊரே வேலையில்லாமல் ஆனது. மரி யஹோடா என்ற சமூக உளவியலாளர் இடம்பெற்ற ஓர் ஆய்வுக் குழு அங்கே போய்ப் பார்த்தது. நேரம் ஏராளமாக இருந்தும் மக்கள் படிப்பது கூடவில்லை. நூலகத்தில் கட்டணத்தை எடுத்த பிறகும் புத்தகம் வாங்கிப்போவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள், பெரும்பாலோர் கைக்கடிகாரம் கட்டவில்லை. நாள் முழுக்க என்ன செய்தீர்கள் என்றால் சொல்லத் தெரியவில்லை. சம்பளம் போனதோடு, நாளுக்கு இருந்த வடிவமும் போய்விட்டது. வேலை நமக்குச் சம்பளத்தோடு வேறு சிலவற்றையும் கொடுக்கிறது என்று யஹோடா பின்னாளில் எழுதினார்: நேர ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்து ஒரு காரியம், ஊரில் ஓர் இடம், தினம் கையில் ஒரு வேலை. தொண்ணூறு வருடம் கழித்து, தறிச் சத்தம் கேட்கும் ஒரு வீட்டில், அந்த ஐந்தும் இல்லாமல் ஒரு பி.இ. பட்டதாரி படுத்திருந்தார்.

இதில் ஓர் கூடுதல் கொடுமை. மரியந்தால் மக்களுக்கு ஆலை மூடியது தெரியும். இவருக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்றே பதினான்கு மாதம் தெரியாது. இல்லை என்று தெரிந்தால் அழுது முடித்து அடுத்ததைப் பார்க்கலாம். காத்திரு என்று சொல்லப்பட்டவனுக்கு அழவும் உரிமை இல்லை, கிளம்பவும் வழி இல்லை. தேர்வு எழுதிவிட்டு மாதக்கணக்கில் முடிவுக்காக உட்கார்ந்திருப்பவர்களிடமும் இதையே பார்க்கிறேன்.

வேலையின்மைக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பு ஒரு ஆலோசகரின் ஊகம் அல்ல. பல நாடுகளில் நடந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து பால், மோசர் என்ற இருவர் 2009-ல் வெளியிட்ட கணக்கின்படி, வேலையில் இருப்பவர்களில் 16 சதவீதம் பேருக்கு உளவியல் சிக்கல் இருந்தால், வேலை இல்லாதவர்களில் 34 சதவீதம் பேருக்கு இருக்கிறது. இந்தியாவில் இந்தச் சுமை படித்தவர்கள் தலையில்தான் அதிகம். 2024-ல் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் அறிக்கை, 2022-ல் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம் என்றது; எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே அது 3.4. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நல்ல வேலை கிடைக்கிறது என்பதல்ல இதன் பொருள். கிடைத்ததைச் செய்யாமல் அவர்களால் ஒரு வாரம்கூட இருக்க முடியாது. பட்டதாரி காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்புக்கு அவர் குடும்பம் கடன் வாங்கி முதலீடு செய்திருக்கிறது.

சிகிச்சை

முதலில் நான் செய்த தவறு. இரண்டாவது சந்திப்பிலேயே, ஒரு நாளைக்கு ஐந்து விண்ணப்பம் போடுங்கள் என்று இலக்கு கொடுத்துவிட்டேன். வேலை இல்லாததுதானே பிரச்சினை, தேட ஆரம்பித்தால் தெம்பு வரும் என்று நினைத்தேன். சொன்ன மாதிரியே போட்டார். நவ்க்ரியில், லிங்க்ட்இன்னில், பத்து நாளில் ஐம்பது. பதில் வந்தது மூன்று, ஒன்று பதினைந்தாயிரம் முன்பணம் கேட்ட போலி கன்சல்டன்சி, மற்ற இரண்டும் "அனுபவம் தேவை." 14-க்கு இறங்கியிருந்த மதிப்பெண் 15-க்குத் திரும்பியது. அடுத்த சந்திப்புக்கு அவர் வரவில்லை. நடக்கத் தெம்பில்லாதவரை ஓடச் சொல்லியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. போன் செய்து, அது என் தவறு, உங்கள் தவறு இல்லை என்று சொன்னேன். மறு வாரம் வந்தார்.

அதன்பின் விண்ணப்பத்தை வாரத்தில் இரண்டு நாள், இரண்டிரண்டு மணி நேரத்துக்கு அடக்கினோம். மெயில் பார்ப்பது காலை பத்துக்கும் மாலை ஐந்துக்கும் மட்டும். ராத்திரி போன் தங்கையின் அலமாரியில். எழுவது ஏழு மணி, தூங்கினாலும் தூங்காவிட்டாலும். மனம் சரியானதும் எழுந்து நடமாடலாம் என்று காத்திருக்காமல், நடமாட்டத்தை முதலில் கொண்டுவந்தால் மனம் பின்னால் வரும் என்பதுதான் இந்த முறையின் அடிப்படை. சொல்ல எளிது. முதல் வாரம் ஏழு நாளில் இரண்டு நாள்தான் எழுந்தார்.

காலையில் எழுந்து எங்கே போவது? அப்பாவோடு தறிக்கூடத்துக்குப் போய் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுக் கொடுக்கலாம் என்று அவரே சொன்னார். அம்மா அழுதுவிட்டார். "தறிக்குப் போறதுக்கா அவனை பி.இ. படிக்க வெச்சோம்?" அந்த அழுகையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபது வருடம் தார் சுற்றிய கைகளுக்கு அப்படிக் கேட்க எல்லா நியாயமும் உண்டு. கடைசியில் ஊர்க் கிளை நூலகம் என்று முடிவாயிற்று. அங்கே காலை எட்டரைக்கே டி.என்.பி.எஸ்.சி. படிக்கும் கூட்டம் வந்து உட்கார்ந்துவிடும். யாரும் யாரையும் "என்ன பண்றே?" என்று கேட்க மாட்டார்கள், எல்லாரும் அதையேதான் பண்ணுகிறார்கள். மூன்றாவது வாரத்தில் ஒருவருக்குக் கணக்கில் சந்தேகம் வந்து இவரிடம் கேட்டார். அன்று என்னிடம் வந்து அதைத்தான் முதலில் சொன்னார்.

அந்தக் கேள்விக்கும் ஒரு பதில் தயார் செய்தோம். நான் சலூன்காரர், அவர் அவராகவே. "எப்ப ஜாயினிங் தம்பி?" முதல் தடவை தொண்டை அடைத்தது. இரண்டாவது தடவை நீளமாக விளக்கம், கம்பெனி, பொருளாதாரம், கட்-ஆஃப். எட்டாவது தடவைதான் இந்த வாக்கியம் வந்தது: "அந்த வேலை வரல அண்ணே, வேற தேடிக்கிட்டு இருக்கேன்." அடுத்த வாரம் முடி வெட்டிக்கொண்டு வந்தார். சலூன்காரர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "என் மச்சினனுக்கும் இப்படித்தான் ஆச்சுன்னார் மேடம். கிருதா எவ்வளவு வைக்கன்னு கேட்டார். அவ்வளவுதான்."

நவம்பரில் அப்பாவை வரச் சொன்னோம். ஒரு ஷிப்டுக் கூலியை விட்டுவிட்டு வந்தார், சட்டைக் கையில் பஞ்சுத் தூசியோடு. ஏன் மகனிடம் பேசுவதில்லை என்று கேட்டேன். வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "கேட்டா அவன் மனசு கஷ்டப்படும்னுதான்மா கேக்காம இருந்தேன்." மகன் நிமிர்ந்து பார்த்தார். ஐந்து மாதமாக அந்த மௌனத்தை அவர் வேறு விதமாகப் படித்திருந்தார்: அப்பாவுக்கு நான் செத்தமாதிரி. இருவரும் ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, ஒருவருக்கு ஒருவர் பாரம் ஏற்றாமல் இருக்க முயன்று, ஆளுக்கொரு பாரத்தோடு கிடந்திருக்கிறார்கள். அன்று நான் அதிகம் பேசவில்லை.

கடனைத் தொடாமல் இந்தச் சிகிச்சையை முடித்திருக்க முடியாது. தவணை போன் வரும்போதெல்லாம் வயிறு எரிகிறவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து மட்டும் என்ன பயன்? தவணையைத் திருத்தி அமைக்கும்படி வங்கிக்கு எழுத உதவினோம். அப்பாவும் மகனும் சேர்ந்து போய்க் கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்குத் தவணை குறைந்தது. அரசு தரும் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். அதற்கு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும், பொறியியல் போன்ற தொழிற்கல்வி படித்தவர்களுக்கு அது கிடையாது. ஆக அந்தக் கதவு இவருக்கு இல்லை. டிசம்பரில் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் நான்கு பேருக்குக் கணக்கு டியூஷன் ஆரம்பித்தார். மாதம் இரண்டாயிரம் வந்தது.

பிறகு

மனச்சோர்வுப் படிவத்தில் அவர் மதிப்பெண் 2024 ஜனவரியில் 9, பிப்ரவரியில் 6. ஒன்பதாவது கேள்விக்கு "இல்லை." வயிற்று எரிச்சல் எப்போது நின்றது என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. அப்போது அவருக்கு வேலை கிடைத்திருக்கவில்லை. "வேலை கிடைச்சா எல்லாம் சரியாயிடும்" என்று குடும்பங்கள் சொல்லிச் சொல்லியே சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றன. இவர் முதலில் சரியானார், அதன்பின்தான் இன்டர்வியூவில் நிமிர்ந்து உட்கார முடிந்தது. ஆகஸ்டில் சிவகாசியில் ஆஃப்செட் இயந்திரங்களைச் சர்வீஸ் செய்யும் இடத்தில், இயந்திரத்தின் எலக்ட்ரானிக் பகுதியைப் பார்க்கும் வேலை. பதின்மூன்றாயிரத்து ஐநூறு. அவர் படிப்புக்கும் அவர் வீட்டுக் கடனுக்கும் அது போதாது. வேலை கொடுப்பது என்னால் ஆகிற காரியமில்லை. பட்டத்துக்குத் தக்க சம்பளம் இல்லாத ஊரில் ஆலோசனை அறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பாதி வேலைதான் செய்யும்.

இந்த நிகழ்வை வைத்து எல்லாருக்கும் சொல்லிவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். கூட்டிவர ஓர் அம்மா இருந்தார். கேட்க ஒரு டாக்டர் இருந்தார். ஆணாக இருந்ததால் அவர் வேலை இல்லாமல் இருப்பது வீட்டில் ஒரு பிரச்சினையாகவாவது கணக்கில் வந்தது. பட்டம் வாங்கிய பெண் வேலை இல்லாமல் இருந்தால், "வீட்டுல இருக்கா" என்று முடித்துவிடுகிறார்கள், ஜாதகத்தை எடுத்துவிடுகிறார்கள். அவள் சாப்பிடாததும் தூங்காததும் கல்யாணக் கவலை என்று பெயர் பெறுகிறது. வேலையின்மைக்காக எங்கள் அறைக்கு வருகிறவர்களில் ஆண்களே அதிகம் என்பதால், பெண்கள் நலமாக இருக்கிறார்கள் என்று நான் ஒருநாளும் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

2024 நவம்பரில் கடைசியாக வந்தார். மாத்திரையை மருத்துவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி ஆறு வாரம் ஆகியிருந்தது. தூக்கம் சரி, பசி சரி, எடையில் ஐந்து கிலோ திரும்பியிருந்தது. கோப்பில் எழுதி முடித்து, இனி ஜனவரியில் ஒருமுறை வந்தால் போதும் என்றேன். எழுந்தவர் கதவுப் பக்கம் நின்றார்.

"மேடம், சித்தி பொண்ணு வெளிய உட்காந்திருக்கா. எம்.எஸ்சி. முடிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. ரெண்டு மாசமா தலைவலிங்கிறா. நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

உள்ளே வரச் சொன்னேன்.